விரலை வாயில் வைத்த இன்டர்வியூ

இன்று திருப்போரூர் போன இடத்தில் ஜெசிந்தா அக்காவைச் சந்தித்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மருந்துக்கடை மாடியில், இன்டர்வியூவுக்குப் போகிற பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் காசு வாங்காமல் இங்கிலீஷ் பேசச் சொல்லிக்கொடுக்கிறார். ஏனக்கா என்று கேட்டதற்கு அவர் சொன்ன கதை இது. சிரிப்பு அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

2003. அச்சரப்பாக்கத்திலிருந்து அப்பா வரதனோடு பஸ் மாறி மாறி, ஓஎம்ஆரில் ஒரு கால் சென்டருக்கு வந்திருந்தாள் ஜெசிந்தா. ஏற்கெனவே இரண்டு இடத்தில் கைவிரித்துவிட்டார்கள். இதுவும் போனால் மதுராந்தகத்து மாப்பிள்ளைக்குச் சரி சொல்லிவிட வேண்டும் என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள்.

உள்ளே ஹரிசங்கர் என்றொரு அதிகாரி கேள்வி கேட்டார். அவள் துப்பட்டா நுனியைத் திருகித் திருகிக் கயிறாக்கிக்கொண்டிருந்தாள்.

"டோன்ட் ஃபிட்ஜெட்," என்றார் அவர்.

அந்த வார்த்தை அவளுக்குத் தெரியாது. குரல் மட்டும் தெரிந்தது. மூன்றாம் வகுப்பு டீச்சரின் குரல். யோசிப்பதற்குள் ஒரு கை கட்டிக்கொண்டது, இன்னொரு கையின் விரல் வாய்மேல் போய் உட்கார்ந்தது.

"பேசுற வேலைக்கு வந்துட்டு வாயப் பொத்துனா எப்டிம்மா?"

காது சுட்டது. போச்சு என்று தோன்றியதுமே பயமும் போய்விட்டது.

"திட்டுறீங்கன்னு நெனச்சிட்டேன் சார். அதுக்கு இன்னா அர்த்தம்?"

"கை காலச் சும்மா வெச்சிருக்க முடியாம எதையாச்சும் நோண்டிட்டே இருக்கறது. படபடப்புல செய்வாங்க, போரடிச்சாலும் செய்வாங்க."

மேஜைமேல் தம்ளரில் தண்ணீர் நடுங்கிக்கொண்டிருந்தது. எதனால் என்று குனிந்து பார்த்தாள். அவர் கால் ஆடிக்கொண்டிருந்தது.

"அப்ப, யுவர் லெக் இஸ் ஃபிட்ஜெட்டிங்னு சொல்லலாமா சார்?"

கால் நின்றது. "காலச் சொல்ல மாட்டாங்க, ஆளத்தான் சொல்லுவாங்க. கைல ஒரு பொருள் இருந்தா 'வித்' போடணும்."

"ஐ வாஸ் ஃபிட்ஜெட்டிங் வித் மை துப்பட்டா. யு ஆர் ஃபிட்ஜெட்டிங் வித் நத்திங், சார்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு அரை மணி நேரம் இருவரும் பேசினார்கள். இன்டர்வியூ என்பதே அவளுக்கு மறந்துபோனது.

வெளியே டீக்கடையில் வரதன் எழுந்து நின்றார். "இன்னா பாப்பா, வேல கீதா, இல்லியா?"

"கீது நைனா. திங்கக்கெழம வரச் சொல்லிட்டாங்க."

"அப்ப மாப்ள வூட்டுக்கு இன்னா பதில் சொல்றது?"

"கொஞ்ச நாளைக்கு ஃபிட்ஜெட் பண்ணிகினு இருக்கச் சொல்லு."

உங்கள் வீட்டுப் பக்கம் யாராவது இன்டர்வியூவை நினைத்துத் தூங்காமல் கிடந்தால், இதை அவர்களுக்கு அனுப்புங்கள். சனிக்கிழமை காலை அந்த மாடிப்படி ஏறச் சொல்லுங்கள்.