புல்லியைக் கழற்றியது யார்?

அன்று காலை என் கணவர் கண்ணாடியைத் துடைத்துத் தரச் சொன்னார். அவர் கையெல்லாம் கிரீஸ். புடவை முனையால் துடைத்து நானே காதில் மாட்டிவிட்டேன். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

இனி நான் சொல்வதும் நடந்ததுதான். பேய் என்றால் நள்ளிரவும் நாய் ஊளையும் வேண்டும் என்பவர்கள் வேறு இடம் பார்க்கலாம். இது சுட்டெரிக்கும் மத்தியானத்தில் நடந்தது.

எங்களுடையது மோட்டார் ரிப்பேர் கடை. என் நாத்தனார் புருஷனும் அங்கே வேலை செய்தார். ‘செய்தார்’ என்பது மரியாதைக்கு. அவருக்குப் புரொபசர் என்று பட்டப்பெயர். தெரியாத விஷயமே கிடையாது. ஆனால் ஸ்பேனரின் வாயை நட்டோடு ஒட்ட இறுக்கக்கூட அந்த மேதைக்குப் பொறுமை இல்லை. தொளதொளவென்று மாட்டி இழுப்பார். நட்டின் மூலைகள் மழுங்கிப்போகும். கம்பெனிக்காரனைத் திட்டுவார்.

அன்று ஒரு மோட்டாரின் தண்டில், பெல்ட் ஓடும் சக்கரமான புல்லி சிக்கியிருந்தது. அதைப் பிடித்திருக்கும் திருகைத் தானே கழற்றிவிட்டதாகப் புரொபசர் சொன்னார். அதை நம்பி என் கணவர், புல்லியைக் கவ்வி வெளியே இழுக்கும் மூன்று கால் புல்லரை மாட்டினார். புரொபசர் புல்லரின் நடு போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி, அதன் பிடியில் ஒரு நீளக் குழாயைச் சொருகிக்கொண்டு இழுத்தார். நான் வாசலில் நின்றிருந்தேன்.

“மாமா, நிறுத்துங்க. உள்ள ஏதோ பிடிக்குது.” என் கணவர் குனிந்து பார்த்தார்.

“என்னத்தப் பிடிக்கும்? நான்தான் திருகக் கழட்டிட்டேனே மாப்ள.”

இழுத்தார். புல்லரின் ஒரு கால் உடைந்து பறந்தது. என் கணவரின் நெற்றியில். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் புரொபசர் வகுப்பு எடுத்தார். என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, என் வீட்டுக் காபியைக் குடித்துக்கொண்டு. “அவசரக்காரன். புல்லர் முன்னாடி எவனாவது தலைய நீட்டுவானா?” வந்தவர்கள் தலையாட்டினார்கள். இத்தனை வருடம் விரலில் கீறல் படாமல் வேலை செய்த மனிதர் ஒரே வாரத்தில் அவசரக்காரர் ஆகிவிட்டார். அது பொய் என்று எனக்குத் தெரியும். ஆனால் உள்ளே என்னதான் பிடித்தது என்பது தெரியாது.

மறு மாதம் கடையைத் திறந்தேன். புல்லி அப்படியே இருந்தது. புரொபசர் வந்தார்.

“கேஸ் வச்சு அறுத்துடலாம் தங்கச்சி. சாப்பிட்டு வரேன்.”

அறுத்தால் உள்ளே இருப்பது எதுவானாலும் உருகிப்போகும். “வேணாம்ணே” என்றேன்.

“உனக்கு என்ன தெரியும்?”

போய்விட்டார். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. மின்சாரம் இல்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன்.

கிர்ர்...

எலி என்று நினைத்தேன்.

கிர்ர்... சின்ன இடைவெளி... கிர்ர்...

திரும்பினேன். சுவரில் வரிசையாகத் தொங்கும், திருகு கழற்றும் ஆலன் சாவிகளில் ஒன்றைக் காணோம். அது புல்லியின் ஓட்டையில் நின்றுகொண்டிருந்தது. புரொபசர் திருகைக் கழற்றிய ஓட்டை. காலி ஓட்டை.

சாவி திரும்பியது. கால் சுற்று. வெளியே வந்தது. மறுபடி உள்ளே போனது.

ஃபூ...

துருவை ஊதும் சத்தம். அவர் அப்படித்தான் ஊதுவார்.

டப்பா மூடி கீழே விழுந்தது. சாவி நின்றது.

“நீங்களா?”

கிர்ர்...

கண்ணை மூடிக்கொண்டேன்.

ஏதோ உருண்டது...

டங்.

கண்ணைத் திறந்தபோது புல்லி தரையில் கிடந்தது. மேஜையில் மிளகளவு ஒரு திருகு. சாவி சுவரில், தன் ஆணியில். லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

புரொபசர் கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தார். “யாரு கழட்டுனது?”

“உள்ள இன்னொரு திருகு இருந்திருக்குண்ணே. ஒரே ஓட்டையில ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு. மேல இருந்தத மட்டும் கழட்டிட்டு ஊருக்கே பாடம் நடத்துனீங்க.”

ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தார். “இப்படியா போடுவான் கம்பெனிக்காரன்” என்றார். அப்போதும் கம்பெனிக்காரன்தான். பிறகு மெதுவாக, “உனக்கு வேலை தெரியாதே... யாரு கழட்டுனது?”

“வேலை தெரிஞ்சவரு.”

சுவரைப் பார்த்தார். சாவி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. சிலிண்டரை அப்படியே விட்டுவிட்டுப் போனவர், அதற்குப் பிறகு கடைப்பக்கம் வரவில்லை. இப்போது அவர் வகுப்பில் தப்பெல்லாம் கம்பெனியுடையது. அவசரக்காரன் என்ற பேச்சே இல்லை.

இதோடு முடிந்தது என்றுதான் இருந்தேன். ஒரு நாள் அந்தத் திருகைப் பக்கத்துக் கடை லேத்காரரிடம் காட்டினேன். விளக்கடியில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“இத யாரும் கழட்டலையேம்மா.”

“என்ன சொல்றீங்க?”

“சாவி போற குழிய கம்பெனியிலயே பசை வச்சு அடைச்சிருக்கான். கல்லு மாதிரி இருக்கு. இதுக்குள்ள சாவி நுழைஞ்சதே இல்ல.”

ஊசியால் குத்திக் காட்டினார். ஊசிதான் வளைந்தது.

திருகை ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். குழியில் சிவப்புப் பசை அப்படியே இருக்கிறது.