ஆண்டவர் பேசினார்

தாராவியிலிருந்து மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக்குத் துணி துவைக்க வருவாள் எஸ்தர். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். என்னைப் போலவே கைக்குழந்தைக்காரி. பிரசவத்துக்குப் பிறகு தூங்காமல், சாப்பிடாமல் அழுதுகொண்டே இருந்தாள். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதால் பெரிய ஆஸ்பத்திரிக்கு நானே அழைத்துப் போனேன்.

மராத்திக்கார டாக்டர், யாராவது பேசுவதுபோல் கேட்கிறதா என்று விசாரித்தார். தமிழில் கேட்டேன்.

“ஆண்டவரு பேசுதாருக்கா. நேத்துகூட, பயப்படாதன்னு சொன்னாரு.”

“எத்தனை நாளாக?”

“சின்னதுலேருந்தே.”

அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். அன்றே அவளை மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் குழந்தையை நான்தான் தூக்கிக்கொண்டு திரும்பினேன்.

மறுநாள் அவள் கணவர் வந்தார். “வேதத்துல ஒரு வசனம் மனசுல தச்சா, ஆண்டவரு பேசினாருன்னுதாம்மா நாங்க சொல்லுவோம். நானுந்தான் சொல்லுதேன். என்னையும் அடைச்சிருவாங்களா?”

டாக்டரிடம் ஓடினேன். வீட்டுக்காரர்கள் இப்படித்தான் மூடி மறைப்பார்கள் என்றார். மனநோய் என்று எழுதியதை மாற்றவில்லை.

மூன்று மாதமாக ஷாக் கொடுக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை குழந்தையைக் காட்டினோம். “யாரு பிள்ளக்கா இது?” என்று என்னிடம் கேட்டாள்.

நீ பொய்யா சொன்னாய் என்று என் கணவர் தேற்றுகிறார். ஆண்டவர் எப்படிப் பேசினார் என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவளுக்கும் தமிழ், எனக்கும் தமிழ். அதனால்தான் கேட்கத் தோன்றவில்லை.