அவர் பாடியது அருள்வாக்கு அல்ல

இதை எழுத எனக்குப் பல வருஷமாகக் கை வரவில்லை. எழுதினால் சாமிக்கு எதிராகப் பேசுகிறாள் என்று ஊர் நினைக்குமோ என்ற பயம். விளக்கேற்றாமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவள் நான். அம்மனைக் கும்பிட்டுக்கொண்டேதான் இதையும் எழுதுகிறேன்.

நைனார்பாளையத்தில் மரவள்ளி வைத்துப் பிழைக்கிற குடும்பம் எங்களுடையது. ஒரு நாள் மரவள்ளிக் கொல்லையில் நின்றபடியே என் வீட்டுக்காரர் சரிந்துவிட்டார். பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்தன. பேச்சு அடியோடு போயிற்று. என்ன கேட்டாலும் "ப்பா, ப்பா" என்ற சத்தம்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை சூடம் காட்டும்போது மார்கழி பஜனைப் பாட்டு ஒன்றை முணுமுணுத்தேன். கட்டிலில் கிடந்தவர் அடுத்த அடியை எடுத்துப் பாடினார். ஓர் எழுத்து பிசகவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் சொன்னேன்.

"சின்ன வயசுலயே பாடுவாராம்மா?"

"பள்ளிக்கூடம் சேர்றதுக்கு முன்னாடியே பஜனையில ஜால்ரா தட்டிக்கினு பாடுனவருங்க."

"அதான்மா. மூளையில பேச்சுக்கு உண்டான எடத்துல அடி பட்டிருக்கு. பாட்டு வேற எடத்துலயும் பதிஞ்சிருக்கும். பிஞ்சு வயசுல ராகத்தோட ஏறுனது லேசுல போவாது. அந்த ராகத்துலயே சின்னச் சின்ன வார்த்தையப் போட்டுப் பழக்குங்க. அந்த வழியா பேச்சு கொஞ்சங்கொஞ்சமா திரும்பலாம்."

அப்படியே செய்தேன். அவருடைய இடது கையைப் பிடித்துத் தொடையில் தாளம் தட்டி, "மோரு வேணும்" என்று இழுத்துப் பாடுவேன். பல நாள் கழித்து அவரும் இழுத்தார். பார்க்க வந்த பக்கத்து நிலத்துக்காரர் சிரித்துவிட்டார். "இன்னாய்யா, மோருக்கே கச்சேரி வெக்கிற? சோறு கேட்டா மேளக்காரனக் கூப்பிடணுமா?" என்றார். இவரும் கோணிய வாயோடு சிரித்தார்.

கல்யாணமான நாளிலிருந்து என்னை "இந்தாமே" என்றுதான் கூப்பிடுவார். அந்த வார்த்தை அந்த ராகத்தில் எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் ஊரில் பேச்சு வேறு மாதிரி பரவிவிட்டது. வாய் போன மனுஷன் பாடுகிறார் என்றால் அம்மன் இறங்கியிருக்கிறாள் என்றார்கள். சங்கராபுரத்திலிருந்தெல்லாம் எலுமிச்சம்பழத்தோடு வண்டியில் வந்து குறி கேட்டார்கள். காலில் விழுந்தார்கள். அவர் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார். அதையும் அருள் என்றார்கள். கதவைச் சாத்தினால், "சாமிய வூட்டுல பூட்டி வெச்சிக்கிறியா?" என்று சண்டைக்கு வந்தார்கள்.

கரியாலூரிலிருந்து மலை பஸ்ஸில் ஓர் அம்மாள் வந்தார். மகளுக்கு மஞ்சள்காமாலை முற்றிவிட்டதாம்.

"ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவட்டுமா, வாணாமா? சொல்லு சாமி."

அவர் பதறிப்போனார். போ, போ என்று சொல்லத்தான் தவித்தார். எனக்குத் தெரிந்தது. வார்த்தை வரவில்லை. பஜனை முடிவில் பாடுகிற மங்களம்தான் வந்தது.

"மங்களம்னு வந்துட்டுது! இனிமே ஒண்ணும் வாணாம்" என்று அந்த அம்மாள் எழுந்து கிளம்பிவிட்டார்.

தெருமுனை வரைக்கும் பின்னாலேயே ஓடினேன். "அம்மா, அது வெறும் பாட்டும்மா. மொதல்ல பொண்ண ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போங்க."

"உனக்கு அவரு புருஷன். எங்களுக்கு சாமி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் பெண் இறந்துவிட்டாள் என்று, மலைக்கு லோடு ஏற்றப் போன ஆள் எங்கள் வாசலில் நின்று சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பாளா, எனக்குத் தெரியாது. உள்ளே கட்டிலில் இருந்தவர் காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் பாடவில்லை. நான் தாளம் தட்டி ஆரம்பித்தால் இடது கையால் என் வாயைப் பொத்துகிறார். "பாடினாத்தான்மா வழி" என்று பயிற்சிப் பெண்ணும் கண் கலங்கினாள். "இந்தாமே" வரவே இல்லை.

அம்மன் வந்து பாடினாள், பிறகு மலையேறிவிட்டாள் என்று ஊரில் இன்னமும் கதை சொல்கிறார்கள். படிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். நடந்ததை நடந்தபடியே, கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அம்மன் அவருக்குக் கொடுத்தது பிஞ்சு வயசில் பதிந்த பாட்டு, குறி அல்ல. உங்கள் வீட்டில் யாராவது பேச்சுப் போய்ப் பாட்டு மட்டும் மிஞ்சிக் கிடந்தால், அவரைச் சாமியாக்கிச் சூடம் ஏற்றாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கூடப் பாடுங்கள்.