எண்ணெய்த் தலையில் ஏறாத டை

துருப்பிடித்த ஆணிகளை ஊறவைத்த தண்ணீரின் வாடையும் தேங்காய் எண்ணெயின் வாசமும் ஒன்றாகக் கலந்தால் வருகிற நெடி எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் என்னால் சொல்ல முடியும். எனக்குப் பத்து வயதிருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பழவேற்காடு ஏரிக்கரையில் இருந்த எங்கள் வீட்டின் பின்பக்கம் முழுவதும் அந்த நெடிதான் நின்றது. அம்மா அலுமினியத் தட்டில் கறுப்பாக எதையோ குழைத்துக்கொண்டிருந்தாள். நைனா, அதாவது என் அப்பா, சட்டையைக் கழற்றிவிட்டுப் பழைய லுங்கித் துணியைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு பலகையில் உட்கார்ந்திருந்தார். படலைச் சாத்திக் கயிறு கட்டிவிட்டு, யாராவது வருகிறார்களா என்று பார்க்கிற வேலை எனக்கு. ஊருக்குத் தெரியாமல் நைனாவின் தலைமுடிக்கு டை போட்டுக்கொண்டிருந்தோம். எந்த ஊர் என்று சொன்னால் நாலைந்து குடும்பங்களுக்கு இன்னும் கோபம் வரும் என்பதால், ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நைனாவுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயதுதான். முப்பத்தைந்திலேயே காதோரம் வெளுக்க ஆரம்பித்த முடி, மளமளவென்று ஏறி உச்சியைப் பிடித்து, அந்த வருடம் அவருக்குக் "கொக்குத் தலை" என்று பெயரே வைத்துவிட்டார்கள். வெறும் கேலியென்றால் அவர் வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்திருப்பார். ஆனால் விஷயம் கேலியில்லை, "பாடு". எங்கள் ஏரியில் நினைத்த நாளில் நினைத்த இடத்தில் வலை போட்டுவிட முடியாது. எந்த நாளில் எந்த இடம் யாருக்கு என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள், அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். வருடத்துக்கு ஒருமுறை ஊர் கூடி, பாட்டில் சேர்கிற ஆண்களின் பெயர்களை நோட்டில் எழுதும். கழி ஊன்றி வலை கட்டுகிறவன் மார்பளவு தண்ணீரில் மணிக்கணக்காக நிற்க வேண்டும், முங்கி முங்கி வலையின் அடிக்கயிற்றைச் சேற்றில் பதிக்க வேண்டும் என்பதால், வயதாகி அதற்கு மாட்டாதவர்களை "கரையேறிக்கோ" என்று சொல்லிவிடுவார்கள். கரையேறியவர் பெயர் இருந்த இடத்தில் மகன் பெயர் ஏறும்.

எங்கள் வீட்டில் நான் ஒரே பெண். நைனாவின் பெயர் அடிபட்டால் அங்கே ஏற ஆளில்லை. பாடு எங்கள் குடும்பத்தை விட்டே போய்விடும், அம்மா கரையோரச் சேற்றில் கையால் தடவி இறால் பிடித்துத்தான் உலை வைக்க வேண்டியிருக்கும். நைனாவோடு ஒரே வலையில் நின்றவர் மாணிக்கம் சித்தப்பா, அவருக்குப் பங்காளித் தம்பி. தன் மகனுக்கு அப்போதுதான் கல்யாணம் முடித்து, அவனுக்கு ஓர் இடம் தேடிக்கொண்டிருந்தார். "அண்ணனுக்குத் தலை பூரா வெளுத்துப் போச்சி, பாவம், இன்னும் இன்னாத்துக்குத் தண்ணில கெடந்து கஷ்டப்படணும்?" என்று அன்பு ஒழுக ஒழுக வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனார். வயதில் நைனாவைவிட இரண்டு மாதம்தான் சின்னவர் என்றாலும், அவர் தலை கருகருவென்றிருந்தது.

ஊர்க்கூட்டத்துக்குப் பத்து நாள் இருந்தபோது எங்கள் வீட்டில் வழக்கு நடந்தது. டை போடுவது என்று முடிவாகிவிட்டது. சலூனில் போடுவதா, வீட்டில் போடுவதா என்பதுதான் பேச்சு. நைனாவுக்குச் சலூன் ஆசை. பழவேற்காட்டு டவுனில் ஒல்லாந்தர் கல்லறைக்கு எதிர்ச்சந்தில் இருந்தது அந்தச் சலூன். சுழல்நாற்காலி, முன்னும் பின்னும் கண்ணாடி, பாடிக்கொண்டே இருக்கிற ரேடியோ எல்லாம் உண்டு. தெரிந்த வேலையைத் தெரிந்தவன் கையில் கொடுப்பதுதான் முறை என்பது நைனாவின் கட்சி. வலை பின்னத் தெரியாதவனிடம் வலையைக் கொடுப்போமா என்று கேட்டார். அம்மா அசையவில்லை.

"சலூன்ல போய்க் குந்தினா பொழுது சாயறதுக்குள்ள சுண்ணாம்புக்குளம் வரைக்கும் தெரிஞ்சிடும். நம்ம வூட்ல நம்ம கையால போட்டா எவனுக்குத் தெரியும்?"

எங்கள் வீட்டில் மூன்று நாளுக்கு மேல் நீடித்த எந்த வழக்கிலும் அம்மா தோற்றதாகச் சரித்திரம் இல்லை. வயிற்றுவலிக்கு மருந்து வாங்கப் போவதாக அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு, பொன்னேரிக்குப் பஸ் ஏறிப் போய் டைப் பொட்டலம் வாங்கி வந்தாள்.

பொட்டலத்தில் இருந்ததைப் படிக்க வீட்டில் என்னை விட்டால் ஆள் கிடையாது. பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல நிமிர்ந்து நின்றுகொண்டு, "எண்ணெய்ப் பசை இல்லாத உலர்ந்த கூந்தலில் தடவவும்" என்று கணீரென்று வாசித்தேன். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏரியில் இறங்குகிறவனின் தலையில் எண்ணெய் இல்லாமல் ஒரு நாள் விடிந்ததாக எங்கள் பக்கத்தில் யாரும் கண்டதில்லை. உப்புத் தண்ணீர் முடியைத் தின்றுவிடும் என்பதால், காலையில் பல் விளக்கியதும் ஆண் பெண் எல்லோருக்கும் உச்சியில் ஒரு கை எண்ணெய் விழும். நைனாவின் தலை அன்று காலையிலும் பளபளவென்றுதான் இருந்தது.

"எண்ணெ இல்லாத தலைக்கு எவனாவது மருந்து போடுவானா? எரியாது? இத எழுதனவனுக்கு ஏரி தெரியுமா, உப்பு தெரியுமா?" என்று சொல்லிவிட்டு, மருந்தின் காட்டம் தாக்காமல் இருக்க மேலும் ஒரு கை எண்ணெயை வைத்துத் தேய்த்து, அதன் மேல் டையைப் பூசினாள். எனக்குப் படித்தது சரி என்று தெரியும். ஆனாலும் அம்மாவை எதிர்த்துப் பேசப் பயந்துகொண்டு வாயை மூடிக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கழுவிவிட்டுப் பார்த்தபோது டை முடியைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் பிடித்திருந்தது. நெற்றி கறுப்பு, இரண்டு காதுகளும் கறுப்பு, பிடரி கறுப்பு. முடி மட்டும் அங்கங்கே சாம்பலும் செம்பட்டையுமாக, மழையில் நனைந்த கோழியைப் போல நின்றது. அம்மா அழவில்லை, வேலையில் இறங்கினாள். சீயக்காய் போட்டுத் தேய்த்தாள், எலுமிச்சம்பழம் தேய்த்தாள், மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தாள், கடைசியில் பாத்திரம் துலக்குகிற மணலையே எடுத்துத் தேய்த்ததில் நைனாவுக்கு மண்டையெல்லாம் சிராய்ப்பு. மூன்று நாள் காய்ச்சல் என்று சொல்லித் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தார். நாலாம் நாள் காலையில், "நீ என்கூட வா பாப்பா" என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டு சலூனுக்குக் கிளம்பினார். அம்மா குனிந்த தலை நிமிராமல் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

கல்லறையின் வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும். அதைக் கடக்கும்போது நான் எப்போதும் நைனாவின் கையைப் பிடித்துக்கொள்வேன். அன்று பயத்தை மறைக்க, எங்கள் வாத்தியார் சொன்ன கதையை எடுத்துவிட்டேன். இங்கே கோட்டை கட்டி ஆண்ட ஒல்லாந்து துரைமார் தங்கள் முடியை மழித்துவிட்டு டோப்பா வைத்துக்கொள்வார்களாம், அது வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்று மேலே மாவு வேறு தூவிக்கொள்வார்களாம், வெள்ளைத் தலைக்குத்தான் மரியாதையாம். நைனா நின்று அந்த வாசலை ஒருமுறை பார்த்தார். "அவனுங்க பாட்டுல பேரு எழுதறதில்ல போல" என்றார்.

சலூன்காரர் வேலு அண்ணன் துண்டை அவிழ்த்துப் பார்த்தார். சிரிக்கவில்லை, திடுக்கிடவும் இல்லை.

"எண்ணெ வெச்ச தலையா? உங்க ஊருக்காரங்க எல்லாருமே மொத தபா இப்டித்தான் வர்றாங்க" என்றார்.

"எல்லாருமேன்னா?" என்று நைனா கேட்டார். வேலு அண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டார். கடையின் பின்பக்கத்தை மறைத்து ஒரு பூப்போட்ட திரை தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ஏரிக்காற்று அதைத் தூக்கியது. உள்ளே ஸ்டூலில், தலை முழுக்கக் கறுப்பு அப்பிக்கொண்டு, காதுக்குப் பஞ்சு வைத்துக்கொண்டு, மாணிக்கம் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். டை காய அரை மணி நேரம் வேண்டும், எழுந்து ஓட வழியில்லை. அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அண்ணே, ஊருல சொல்லிடாதண்ணே" என்றார் சித்தப்பா.

நைனா வேலு அண்ணன் பக்கம் திரும்பி, இப்போது என்ன செய்யலாம் என்று கேட்டார். மண்டையில் புண் ஆறாமல் டை போட மாட்டேன், நீங்கள் பிள்ளைக்குட்டிக்காரர், வினையாகிவிடும் என்று அவர் கையை விரித்துவிட்டார். கூட்டத்துக்கு இன்னும் மூன்றே நாள். "அப்ப எடுத்துடு" என்றார் நைனா. கத்தி ஓடியது, கொக்குத் தலை மொட்டைத் தலையாயிற்று. இரண்டு காதுகள் மட்டும் கரியாக நின்றன.

ஊர்க்கூட்டம் கோயில் முன்னால் நடந்தது. பெண்டுகள் தள்ளி நின்றார்கள். நான் மதில்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். நைனாவின் முறை வந்ததும் ஊர்ப் பெரியவர், "இன்னாப்பா மொட்டை, வேண்டுதலா?" என்று கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கேள்வி அத்தோடு போயிருக்கும். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன்.

"வேண்டுதல்லாம் இல்ல" என்றார் நைனா. "தலை வெளுத்துப் போச்சி. வூட்லயே டை போட்டேன், கெட்டுப் போச்சி, எடுத்துட்டேன். வெளுத்த தலைக்காரன் பாட்டுல நிக்கக் கூடாதுன்னா சொல்லுங்க, இப்பவே கரையேறிக்கிறேன். ஆனா ஒண்ணு. நம்ம ஊரு ஆம்பளைங்க யாரும் ரெண்டு மாசத்துக்கு டவுனு சலூன் பக்கம் போவக் கூடாது. ரெண்டு மாசம் கழிச்சி எல்லாரும் இதே எடத்துல குந்துவோம். அப்ப பாத்து எழுதுங்க பேர."

அவ்வளவுதான். ஒருவர் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார், ஒருவர் திடீரென்று வலைக் கயிற்றைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தார், பெரியவரின் கை தானாகப் போய்த் தன் கறுத்த மீசையைத் தொட்டுப் பார்த்தது. மாணிக்கம் சித்தப்பா மண்ணைக் கீறிக்கொண்டிருந்தார். கடைசிவரை நைனா அவர் பக்கம் திரும்பவே இல்லை. நோட்டுக்காரர் இருமினார், பிறகு நைனாவின் பெயரை எழுதினார். மதில்மேல் உட்கார்ந்திருந்த எனக்கு, இந்த ஏரியே என் நைனாவுடையது என்று தோன்றியது. அப்படி ஒரு பெருமையை அதற்குப் பிறகு நான் அனுபவித்ததில்லை.

முடி வளர்ந்ததும் நைனா டையை விட்டுவிட்டார் என்று நீங்கள் நினைத்தால் அவரை உங்களுக்குத் தெரியவில்லை. மாதம் தவறாமல் சலூனுக்குப் போய், திரைக்குப் பின்னால் அல்ல, தெருவைப் பார்த்த முன்நாற்காலியில் உட்கார்ந்து போட்டுக்கொண்டார். போகிறவர் வருகிறவரிடம் நலம் விசாரித்தார். அந்த நாட்களில் மட்டும் காலையில் அவர் தலைக்கு எண்ணெய் கிடையாது. அதற்கு மனதைப் பழக்கிக்கொள்ள அம்மாவுக்குத்தான் ஒரு வருடம் பிடித்தது.

அதற்குப் பிறகும் பதினாறு வருடம் அவர் பெயர் நோட்டில் இருந்தது. எனக்குக் கல்யாணமாகிப் பொன்னேரிக்கு வந்த பிறகு, ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, நைனாவின் தலை மொத்தமும் வெள்ளையாக இருந்தது. அந்த வருடக் கூட்டத்தில் யாரும் கேட்காமலே அவராக எழுந்து, பெயரை அடிக்கச் சொல்லிவிட்டார் என்று அம்மா சொன்னாள். இன்னும் இரண்டு வருடம் ஓட்டியிருக்கலாமே நைனா என்று நான் ஆற்றாமையோடு கேட்டேன்.

"கழியப் புடிச்சா கை நடுங்குதும்மா. கை நடுங்கறப்போ தலைய மட்டும் கறுப்பா வெச்சிக்கினா, பக்கத்துல நிக்கறவனத்தான ஏமாத்தறேன்?" என்றார்.

நைனா இப்போது இல்லை. மாணிக்கம் சித்தப்பாவும் போய்விட்டார். சலூன் இருந்த இடத்தில் செல்போன் கடை வந்திருக்கிறது. பூப்போட்ட திரை இன்று யாருக்கும் தேவையும் இல்லை. டைப் பொட்டலம் பெட்டிக்கடையில் ஷாம்புச் சரத்தோடு தொங்குகிறது, பையன்கள் பட்டப்பகலில் வாசலில் உட்கார்ந்து சிவப்பும் பழுப்புமாக அடித்துக்கொள்கிறார்கள். எனக்கும் நாற்பத்தேழு ஆகிறது, வகிட்டின் இரண்டு பக்கமும் வெள்ளை எட்டிப் பார்க்கிறது. தையல்தான் என் பிழைப்பு. போன மாதம் பொன்னேரியில் ஒரு பார்லருக்குள் தயங்கித் தயங்கி நுழைந்தேன். அங்கிருந்த பெண் என் முடியைக் கோதிப் பார்த்துவிட்டு, "இங்கியே போட்டுக்கிறீங்களாக்கா, இல்ல பாக்கெட் தரட்டா, வூட்ல போட்டுக்கிறீங்களா?" என்று கேட்டாள். நான் வலது கையைக் கண்ணாடிக்கு முன்னால் நீட்டி, விரல்களைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு விரலும் நடுங்கவில்லை.

"இங்கயே போடும்மா" என்றேன்.