கொஞ்சம் மாதவிடாய் ரத்தம் கிடைக்குமா?

எந்த வேலையில் இருப்பவரும் "என்ன பண்றீங்க?" என்ற கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம், என் வேலையில் அந்த ஒரு வரியைச் சொன்னதும், கேட்டவர் கையிலிருக்கும் காபியைக் கீழே வைத்துவிடுகிறார். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்துக்காகப் பெண்களிடம் மாதவிடாய் ரத்தம் வாங்கி வருகிறேன். கருப்பையின் உள்சுவரிலிருந்து உதிர்ந்த செல்கள் அதில் இருக்கின்றன. கத்தி வைக்காமல், அவற்றைக் கொண்டே கருப்பை நோய்களைக் கண்டுபிடிக்க முடியுமா என்று எங்கள் விஞ்ஞானிகள் பார்க்கிறார்கள். அவர்கள் பார்ப்பது ஏசி அறையில், மைக்ரோஸ்கோப்பில். வீடு வீடாகப் போய்க் கேட்பது நான். கூச்சப்படுகிறவர்களிடம் கூச்சமில்லாமல் பேசிச் சம்பளம் வாங்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்குப் புரியும்.

ஐஸ் பெட்டி

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஓர் அபார்ட்மென்ட். குப்பிகளை வைக்க ஐஸ் பெட்டியோடு போனேன். வாட்ச்மேன் மடக்கி, "பெட்டியில என்னம்மா?" என்றார். "சாம்பிள் அண்ணா" என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. லிஃப்ட் வரை கூடவே வந்து பொத்தானையும் அவரே அமுக்கினார்.

வேலையை முடித்துக் கீழே வந்தால், பக்கத்துக் கட்டட வாட்ச்மேனையும் கூட்டி வைத்துக்கொண்டு நிற்கிறார். நான் நேராக ஸ்கூட்டரை எடுத்ததும் அவருக்கு மனத்தாங்கல். "சாம்பிள்னா ஃப்ரீதானேம்மா? மேல் வீட்டுக்காரங்களுக்கு மட்டும் குடுத்துட்டு, எங்களுக்கு ஒரு கப் ஐஸ்கிரீம் இல்லேன்னா எப்படி?"

ஜீவனஹள்ளிக் கூட்டம்

அங்கன்வாடியில் பெண்களை உட்காரவைத்து, சிலிகான் கப்பைத் தூக்கிக் காட்டினேன். உள்ளே வைத்தால் ரத்தம் சேரும், இந்தக் குப்பியில் ஊற்றி மூடிக் கொடுத்தால் போதும் என்றேன். ஒருத்தி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். அவ்வளவுதான், சிரிப்பில் கூட்டமே குலுங்கியது.

சிரிக்காதவள் செல்வி ஒருத்திதான். ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. "மாந்திரீகம் கீந்திரீகம் பண்ண மாட்டீங்களே?" என்று உறுதி வாங்கிக்கொண்ட பிறகு பேர் கொடுத்தாள். "அந்த மூணு நாளும் எங்க மாமியார் தண்ணிக் குடத்தையே தொட விடாது. நீங்க என்னடான்னா ஐஸ் பெட்டியோட வந்து கேக்கறீங்க. குடுக்கறேன்க்கா, ஒரு தடவையாவது அதுக்கு மரியாதை கிடைக்கட்டும்."

அவசரச் சவாரி

செல்வியின் கணவர் முருகேசன் ஆட்டோ ஓட்டுகிறார். முதல் தடவை என்னைக் கண்டதுமே, இல்லாத நட்டை முடுக்க ஆட்டோவுக்கு அடியில் புகுந்துகொண்டார். அடுத்த மாதம் செல்வியிடம் குப்பியை வாங்கிப் பெட்டியில் வைத்துக் கிளம்பினேன். பிரேசர் டவுனில் ஸ்கூட்டர் நின்றுவிட்டது. தாமதமானால் செல்கள் வீணாகிவிடும். செல்விக்குப் போன் செய்தேன். கொஞ்ச நேரத்தில் முருகேசனே வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்காமல், "ஏறுங்க" என்றார்.

சிக்னலில் லேப்டாப் பையோடு ஒருவர், "ஒரு ஓரமா உக்காந்துக்கறேம்பா" என்று கெஞ்சினார். முருகேசன் திரும்பாமலே சொன்னார்: "ஆகல்ல சார், முடியாது, அர்ஜென்ட். பின்னாடி என் சம்சாரத்தோட ஆராய்ச்சி உக்காந்திருக்கு."

நோய்க்குப் பேர்

எங்கள் டாக்டரம்மா செல்வியிடம் வலியைப் பற்றி விசாரித்தபோதுதான், மாதாமாதம் அவள் ஆபீஸ் பாத்ரூம் தரையில் சுருண்டு கிடப்பது தெரிந்தது. கல்யாணமானால் சரியாகும் என்றார்களாம். பிறகு, பிள்ளை பிறந்தால் சரியாகும் என்றார்களாம். பிள்ளை பள்ளிக்கூடமே போகிறான், வலி போகவில்லை. எங்கள் சோதனை இன்னும் தீர்ப்புச் சொல்லும் நிலைக்கு வரவில்லை. அதனால் டாக்டரம்மா அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். வயிற்றில் சின்னத் துளை போட்டு, கேமரா விட்டுப் பார்த்தார்கள். கருப்பைக்குள் இருக்க வேண்டிய திசு வெளியே படர்ந்திருந்தது. எண்டோமெட்ரியோசிஸ். முடிந்தவரை எடுத்துவிட்டு, மருந்தும் கொடுத்தார்கள்.

என்ன ஆறுதல் சொல்வது என்று தெரியாமல், இளநீரோடு வார்டுக்குப் போனேன். உள்ளே நோயின் பேரை முருகேசனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள் செல்வி. அவர் 'எண்டோ'விலேயே மாட்டிக்கொண்டு விழித்தார். மாமியார் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் செல்விக்குக் கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது. "இத்தனை வருஷமா நடிக்கிறேன்னாங்க. வியாதி இருக்குன்னு டாக்டர் சொன்னதுக்கு, வார்டு பூரா ஸ்வீட் குடுக்கணும்போல இருக்குக்கா!"

மொத்தத்தில், மற்ற தொழில்களில் "அடுத்த மாசம் வாங்க" என்றால் துரத்துகிறார்கள் என்று அர்த்தம். என் தொழிலில் மட்டும்தான் அது நம்பி வரக்கூடிய வாக்குறுதி.