ஞாயிறு பத்து முதல் ஒரு மணி வரை

வழக்கில் வென்றவன் தோற்றான், தோற்றவன் செத்தான் என்பார்கள். பவ்யா வென்றவள். விவாகரத்துக்குப் பிறகு குழந்தை அப்பாவிடம்தான் வளர வேண்டும் என்று கீழ்க்கோர்ட்டு சொன்னபோது அவள் விடவில்லை. மேல்முறையீடு செய்து, உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் முன் மூன்று வருஷம் மல்லுக்கட்டி, மகள் வித்யாவைத் தன்னிடமே வைத்துக்கொள்ளத் தீர்ப்பு வாங்கினாள். அன்று நெமிலிச்சேரி பிளாட்டில் எட்டு வீட்டுக்கும் மைசூர்பாகு போனது. தீர்ப்பின் கடைசிப் பக்கத்தை அப்போது யார் படித்தார்கள்?

அதில் இரண்டு நிபந்தனைகள். ஞாயிறுதோறும் காலை பத்து முதல் ஒரு மணி வரை நெமிலிச்சேரி ரயில் நிலையத்தில் குழந்தையை அப்பாவிடம் விட வேண்டும். கோர்ட்டு அனுமதி இல்லாமல் ஆவடி வட்டாரத்தை விட்டுக் குழந்தையைக் குடிமாற்றக் கூடாது. நியாயம்தானே என்று அவளுக்கும் தோன்றியது. பெற்றவனுக்குப் பிள்ளையைப் பார்க்க ஆசை இருக்காதா?

அந்த ஆசை நாலு மாதம் இருந்தது. பிறகு குழந்தையின் அப்பா சரவணக்குமார் பட்டாபிராம் வீட்டைக் காலி செய்து தாம்பரம் பக்கம் போனான். இன்னொரு கல்யாணமும் ஆயிற்று என்று கேள்வி. அவன் வருவது நின்றது. அவளால் போவதை நிறுத்த முடியவில்லை. "நீங்க போகாத அன்னிக்குப் பாத்து அவர் வந்து நின்னா, கோர்ட் அவமதிப்பும்மா. போங்க, போட்டோ எடுத்து வச்சிக்கங்க" என்றார் வக்கீல் வீரராகவன். தென்காசியில் தம்பி கல்யாணம்கூட ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இவள் இல்லாமலே நடந்தது. ரயில் வரும்போதெல்லாம் எழுந்து பார்த்த குழந்தை, போகப்போக கணக்கு நோட்டை அந்த சிமெண்டு பெஞ்சுக்கே எடுத்துவர ஆரம்பித்தது.

இந்த லட்சணத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் அவள் வேலை பார்த்த கம்பெனி, மாதக் கடைசியோடு இங்கே கடையைக் கட்டுகிறோம், விரும்புகிறவர்கள் கோயம்புத்தூர் வரலாம் என்றது. இரண்டு வயிறும் அந்த ஒரு சம்பளத்தில் நிறைபவை. பக்கத்தில் வேறு வேலை தேடித்தேடிச் சலித்துப்போய் வீரராகவனிடம் ஓடினாள். மனு, நோட்டீஸ், வாய்தா என்று ஆறு மாதமாவது இழுக்கும் என்றார் அவர். அப்பாவே ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டால் மட்டும் சீக்கிரம் முடியும். அதைத் தாளில் டைப் அடித்தும் கொடுத்து, சரவணக்குமாருக்கும் சொல்லியனுப்பினார்.

ஏழு மாதமாக வராதவன், அந்த ஞாயிறே பதினொன்றரை ரயிலில் வந்து இறங்கினான். வித்யா ஓடிப்போகவில்லை. வகுப்புக்குள் டீச்சர் வந்ததுபோல் நோட்டை மூடிவிட்டு எழுந்து நின்றாள்.

பவ்யா வீராப்பையெல்லாம் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். மாதம் ஒருமுறை நானே கூட்டிவருகிறேன், லீவு முழுக்க உங்களோடு இருக்கட்டும் என்று கெஞ்சினாள். அவன் தாளை இரண்டு தரம் படித்து, மடித்து, அவளிடமே நீட்டினான்.

"நா வருவேன், வராமப் போவேன். அது என் இஷ்டம். ஆனா இது கோர்ட்டு எனக்குன்னு குடுத்த நாளு. அத எழுதிக் குடுத்துட்டு நா இன்னா பண்றது?"

"நீங்க வாரதே இல்லியே."

"இப்ப வந்துகினுதான கீறேன்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. அவளுக்கு அவன்மேல் வந்த ஆத்திரம் பெரிது. அதைவிடப் பெரிது, இவனிடமிருந்து மீளத்தானே அத்தனை கோர்ட்டுப் படி ஏறினோம் என்ற வயிற்றெரிச்சல். அவன் குழந்தைக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிக் கொடுத்தான். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று கையசைத்துவிட்டு அடுத்த ரயிலில் ஏறினான்.

திங்கட்கிழமை ஆபீஸ் படிவத்தில் கோயம்புத்தூர் செல்ல விருப்பமில்லை என்ற கட்டத்தில் பவ்யா டிக் அடித்தாள். ஏன் என்று கேட்டவர்களிடம் குடும்பக் காரணம் என்றாள்.

ஞாயிறு பத்து மணிக்கு அம்மாவும் மகளும் ஸ்டேஷனுக்குப் போனார்கள். ஒரு மணி வரை இருந்தார்கள். அவன் வரவில்லை.