கை வைக்காத இரண்டு மணி நேரம்

பிரசவ அறையில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. இருபத்திரண்டு வருட நர்ஸ் வேலையில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. சாப்பாடுகூட நின்றபடிதான். "கால்ல சக்கரத்தக் கட்டிக்கிட்டே பொறந்தியா?" என்று கேட்டுக் கேட்டு அவள் புருஷனுக்கே அலுத்துவிட்டது.

அப்பேர்ப்பட்டவளிடம்தான் அன்று காலை பதினொரு மணிக்கு டாக்டரம்மா சொன்னார்: "சிஸ்டர், ட்ரிப்ப நிறுத்திடுங்க. ரெண்டு மணி நேரம் யாரும் எதுவும் பண்ண வேண்டாம்."

கட்டிலில் கிடந்தவள் ஒரு தையல்காரி. தலைப்பிரசவம். முந்தின நாள் மாலையிலிருந்து, வலியை வரவைக்கும் ஆக்ஸிடோசின் ட்ரிப்பில் ஏறிக்கொண்டிருந்தது. கர்ப்பப்பை வாய் பாதி திறந்து, அதற்குமேல் அசைய மாட்டேன் என்று நின்றுவிட்டது. வலியும் வர வரச் சுரத்தில்லாமல் போனது. குழந்தையின் துடிப்பு மட்டும் சீராக இருந்தது.

பக்கத்தில் நின்ற அவளுடைய அக்காவுக்கு டாக்டரம்மா விளக்கினார். "கர்ப்பப்பைத் தசையில ஏற்பின்னு ஒண்ணு இருக்கும்மா. இந்த மருந்த வாங்கிக்கிறதே அதுதான். பிரசவம் நெருங்க நெருங்க அது தானாப் பெருகும். ஆனா மருந்து ஓயாம வந்துட்டே இருந்தா உள்ள போயி ஒளிஞ்சுக்கும். காலிங் பெல்ல விடாம அமுக்கினா யாராவது வந்து கதவத் திறப்பாங்களா? கொஞ்சம் சும்மா விட்டா மறுபடி வெளிய வரும். வரலன்னா ஆபரேஷன்." சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

பம்பரத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. மடித்த துணியையே மறுபடி மடித்தாள். கை தானாக ட்ரிப் பக்கம் போனது, இழுத்துக்கொண்டாள். காரணம் அந்த அக்காதான். காலையில் அவள் முகத்தைப் பார்த்ததுமே பம்பரத்துக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

எட்டு வருடம் முன்பு இதே அறையில் அந்த அக்கா கிடந்தாள். அப்போதும் வலி இப்படித்தான் நின்றது. காத்திருக்கப் பொறுமையில்லாத பம்பரம், டாக்டர் எழுதியதற்கு மேலேயே ட்ரிப்பின் வேகத்தைக் கூட்டினாள், இரண்டு தடவை, யாரையும் கேட்காமல். குழந்தை பிறந்தது. ஆனால் அதன்பின் இறுகி ரத்தத்தை நிறுத்த வேண்டிய கர்ப்பப்பை இறுகவே இல்லை. ரத்தம் நிற்காமல், கடைசியில் கர்ப்பப்பையையே எடுத்தார்கள். அதனால்தானா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. பம்பரத்துக்கு மட்டும் சந்தேகமே இருந்ததில்லை.

மணி பன்னிரண்டு. அக்கா பொறுமையிழந்து பம்பரத்தின் கையைப் பிடித்தாள்.

"சிஸ்டர், என்னை ஞாபகமிருக்கா? அன்னிக்கு நீங்க கூட்டிக் கூட்டி விட்டதாலதான் என் பொண்ணு பொறந்தா. தினமும் உங்கள நெனச்சுக்குவேன். அப்புறம் ஆனது என் ஒடம்போட கோளாறு. இவளுக்கும் கொஞ்சம் கூட்டி விடுங்களேன், டாக்டருக்குத் தெரிய வேண்டாம்."

அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பம்பரம் சுவரோரம் கிடந்த நாற்காலியை இழுத்து, முதல்முறையாக அதில் உட்கார்ந்தாள்.

"உங்க ஒடம்புல ஒரு கோளாறும் இல்லம்மா," என்றாள். "எழுதினதுக்கு மேல நான்தான் கூட்டினேன். அதுலதான் கர்ப்பப்பை மரத்துப்போச்சு. யார்கிட்டயும் சொல்லல."

அக்கா கையை விட்டாள். ஜன்னலோரம் போய் முதுகைக் காட்டி நின்றாள். தங்கை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு மணி அடிக்கும்வரை பம்பரத்தின் கால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

ஒரு மணிக்கு டாக்டரம்மா வந்து குறைந்த அளவிலிருந்து சொட்டுச் சொட்டாக ட்ரிப்பைத் தொடங்கச் சொன்னார். கால் மணி நேரத்தில் தையல்காரி கட்டில் கம்பியைப் பிடித்துக் கத்தினாள். இது வேறு வலி. பம்பரத்துக்குக் கேட்டதுமே தெரிந்தது. நாலரைக்கு ஆண் குழந்தை பிறந்தது, வந்ததும் வராததுமாக வீடே தன்னுடையது என்பதுபோல் வீரிட்டது.

பம்பரம் குழந்தையைப் பார்க்கவில்லை. தாயின் அடிவயிற்றில் கையை வைத்து அழுத்தினாள். கர்ப்பப்பை முதலில் மாவு மாதிரி தொளதொளவென்று இருந்தது. பிறகு உள்ளங்கைக்குக் கீழே மெல்ல மெல்லத் திரண்டு, கட்டையாக இறுகியது. ரத்தம் மட்டுப்பட்டது.

அவள் கைக்குப் பக்கத்தில் இன்னொரு கை வந்தது. அக்கா. பம்பரம் தன் கையை நகர்த்தி இடம் விட்டாள்.

அக்கா வெகுநேரம் அழுத்திப் பார்த்தாள்.

"என்னோடது இப்படி ஆகல. இல்ல?"

"ஆகல," என்றாள் பம்பரம்.

அக்கா கையை எடுக்கவில்லை. பம்பரமும் அங்கிருந்து நகரவில்லை.